இரண்டு நொடி

4471 இன்னும் மஞ்சளாகத்தான் இருந்தது. காத்திருப்போர் அறைச் சுவரில் மாட்டியிருந்த அந்தத் திரையில் பெயர்கள் கிடையாது, எண்கள்தான். மஞ்சள் என்றால் உள்ளே அறுவை சிகிச்சை நடக்கிறது என்று காலையில் மேசைக்குப் பின்னால் இருந்த பெண் சொல்லியிருந்தாள். மற்ற நிறங்களையும் வரிசையாகச் சொன்னாள், ஆனால் அழகர்சாமிக்கு மஞ்சள் மட்டும்தான் மனசில் நின்றது, ஏனென்றால் அந்த நேரத்தில் அவன் ரூபி சப்பாத்து என்று சொல்கிற அவள் ஷூக்களைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தான். 4471 என்பது ரூபி. விமலரூபி, வயது நாற்பத்தைந்து, டொரொன்டோவில் நகரப் பேருந்து ஓட்டுபவள், அவனுடைய மனைவி. அவள் கழுத்தில் ஒரு கட்டி. எலுமிச்சம்பழ அளவு என்று டாக்டர் சொன்னார்; தேசிக்காய் அளவு என்று ரூபி அதைத் தன் ஊர்த் தமிழுக்கு மாற்றி எல்லோருக்கும் போனில் சொன்னாள், ஏதோ பரிசு விழுந்த மாதிரி. இரண்டு மணி நேர வேலை. எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள், இப்போது ஒன்பது பத்து. இன்னும் ஐம்பது நிமிடம். நாலாயிரத்து நானூற்று எழுபத்தொன்று பகா எண்ணாக இருக்குமோ. ஏழால் போகாது. பதினொன்றால் போகாது. பதின்மூன்று, இல்லை. பதினேழு இருநூற்று அறுபத்து மூன்று, ஆஹா, போகிறது, மிச்சமில்லாமல் போகிறது, அப்படியானால் பகா எண் இல்லை, அதனால் என்ன நல்லது என்ன கெட்டது, திருமங்கலத்தில் பதினெட்டு வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவன் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து எண்ணில் சகுனம் பார்க்கிறான். அவனுக்கே சிரிப்பு வந்தது. எதிரே முட்டைக்கோசு நிறத்தில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த வயதான வெள்ளைக்கார அம்மாள் நிமிர்ந்து பார்த்துத் தானும் சிரித்தாள். நல்லவேளை, இந்த ஊரில் தனியாகச் சிரிப்பவனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

கடவுளைத்தான் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். நினைத்துப் பார்த்தான். பேருக்குரிய தெய்வத்தைக் கூப்பிட்டு இரண்டு வரி சொல்வதற்குள் மனசு நழுவி, சட்டைப் பையில் இருந்த போனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஆறு பத்துக்கு, ஆஸ்பத்திரி வாகன நிறுத்தத்தில், ரூபி பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அது அதிர்ந்தது. குடிவரவு அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல். இருபத்திரண்டு மாதம் ஊமையாக இருந்த ஃபைல் இன்றைக்குப் பார்த்து வாய் திறந்திருக்கிறது. உங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலித்தோம், உங்கள் திருமண உறவு உண்மையானது என்பதை நிரூபிக்க மேலும் சான்றுகள் தேவை, முப்பது நாளுக்குள், முக்கியமாக உங்களை ஸ்பொன்சர் செய்பவர் தன் சொந்த வார்த்தைகளில் எழுதிய கடிதம். சொந்த வார்த்தைகளில். அவளோ மூச்சுக்குழாயை அழுத்துகிற கட்டியை எடுத்துப்போட உள்ளே போகிறாள், குரல் நரம்புக்குப் பக்கத்திலேயே கத்தி ஓடும் என்று தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். "என்னப்பா, ஆர்?" என்றாள். "ஸ்கூல் குரூப். ஊர்ல எவனுக்கோ பிறந்தநாளாம்" என்றான். முதல் பொய். இல்லை, முதல் பொய் என்று சொல்ல முடியாது, புட்டு பிடிக்கும் என்று சொன்னதுதான் முதல். மீன் கடையில் மீன் வெட்டுகிற மனிதர், பேர் தெரியாது, யாரும் கேட்காமலே சட்டம் சொல்கிறவர், போன வாரம் விளைமீனின் தலையைத் தனியாக வைத்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, ஸ்பொன்சர் பண்ணின ஆளுக்கு ஒண்டு நடந்துதெண்டால் பைல மூடிப்போடுவாங்கள். பேந்து நாட்டை விட்டு வெளிக்கிட வேண்டியதுதான்." மீனுக்குச் சொன்னாரா தனக்குச் சொன்னாரா என்று தெரியாமல் அழகர்சாமி தலையை ஆட்டிவிட்டு வந்தான். வந்தவன் அன்று முழுக்க மீனைத் தொடவில்லை. ஆனால் மீன் கடைக்காரரைக் குறை சொல்லி என்ன பயன்? அவர் சொல்வதற்கு நாலு வாரம் முன்னாலேயே அது அவன் மண்டைக்குள் வந்துவிட்டதே. அதுதானே விஷயம். டாக்டர் ஸ்கேன் படத்தைத் திருப்பிக் காட்டி, இது புற்றாகவும் இருக்கலாம் இல்லாமலும் இருக்கலாம், எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று சொன்ன அந்தக் கணத்தில், ரூபியின் கை பக்கத்து நாற்காலியில் அவன் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தபோது, அவனுக்கு முதலில் வந்த நினைப்பு ரூபி இல்லை. ஃபைல். ஐயோ, ஃபைல் என்ன ஆகும். இரண்டு நொடி இருக்கும். அதற்கப்புறம்தான் ரூபி வந்தாள், வந்தவள் வெள்ளம் மாதிரி வந்தாள், ஆனால் அந்த இரண்டு நொடி இருந்ததே. இரண்டு நொடியில் ஒளி ஆறு லட்சம் கிலோமீட்டர் போகும், நிலாவைத் தொட்டுப் பாதி வழிக்கு மேல் திரும்பியும் வந்துவிடும். அவ்வளவு தூரம் அவளை விட்டுப் போய்விட்டு வந்திருக்கிறான். ஐந்து வாரமாகச் சாப்பிடும்போதும் பல் துலக்கும்போதும் அந்த இரண்டு நொடி பல்லிடுக்கில் பாக்குத் தூள் மாதிரி நிற்கிறது, நாக்கு சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. இதில் உறவு உண்மையானதென்று நிரூபிக்க வேண்டுமாம். நிரூபி. அந்தச் சொல்லுக்குள்ளேயே அவள் பேர் இருக்கிறது, இத்தனை வருஷம் பலகையில் எழுதியிருக்கிறான், நிரூபி, நிரூபி என்று, ஐந்து மதிப்பெண், இப்போதுதான் கண்ணில் படுகிறது.

எப்படி நிரூபிப்பது? கல்யாணப் போட்டோ அனுப்பியாயிற்று. எல்லாப் போட்டோவிலும் அவன் கண்ணை மூடியிருக்கிறான். ஒரு அதிகாரி, கண்ணாடி போட்டவர் என்று வைத்துக்கொள்வோம், காப்பியை உறிஞ்சிக்கொண்டே ஒவ்வொன்றாகப் புரட்டுகிறார்: மாப்பிள்ளை தூங்குகிறார், மாப்பிள்ளை தாலி கட்டும்போதும் தூங்குகிறார், மயக்க மருந்து கொடுத்துக் கட்டிவைத்த கல்யாணம் போலிருக்கிறது. மாப்பிள்ளை இந்தியாக்காரர், பெண் இலங்கையில் பிறந்த கனடாக்காரி, இரண்டு பேருக்கும் நாற்பது தாண்டியாயிற்று, பழகி ஏழே மாதத்தில் கல்யாணம். சந்தேகம் வராதா, அவனே அதிகாரியாக இருந்தால் அவனுக்கும் வரும். எப்படிச் சந்தித்தீர்கள் என்று கேட்டு ஒரு கட்டம் இருந்தது, நாலு வரிக்குள் எழுதச் சொன்னார்கள். ரூபியின் அக்கா மகளுக்கு ஆன்லைனில் இயற்பியல் டியூஷன் எடுத்தேன் என்று எழுதினான். அதுவா பதில்? அந்தப் பிள்ளைக்கு விசை, முடுக்கம் எதுவும் ஏறவில்லை, ஆனால் அதன் பின்னால் குசினியில் ஒரு குரல் இருந்தது. பாத்திரம் கழுவுகிற சத்தத்துக்கு மேலே அந்தக் குரல் பாடத்தில் தலையிடும். "சேர், பஸ் சடன் பிரேக் போட்டா சனம் முன்னுக்கு விழுகிறது எனக்குத் தெரியும், அதுக்கு நியூட்டன் வேணுமே?" அவன் திருமங்கலத்தில் மாடி அறையில் உட்கார்ந்து, கேமராவுக்கு வெளியே இருக்கிற ஒரு ஆளுக்காகச் சட்டை மாற்ற ஆரம்பித்தான். ஒருநாள் துணிந்து, "உங்களோட தனியா கொஞ்சம் பேசணும்" என்று செய்தி அனுப்பினான். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் வந்தது: "ஏன் பேசப் போறியள்? நான் என்ன பிழை செய்தனான்?" அவள் ஊரில் பேசுவது என்றால் திட்டுவது என்று அப்புறம் அந்தப் பிள்ளைதான் விளக்கம் சொன்னது. திட்டுவதற்கு முன்கூட்டியே நேரம் கேட்கிற கண்ணியமான மனிதர் என்றுதான் ரூபிக்கு அவன்மேல் முதலில் மரியாதை வந்ததாம். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? எழுதினால் அந்தக் கண்ணாடிக்காரருக்கு என்ன புரியும்? வந்த புதிதில் பனியில் வழுக்கி வழுக்கி அவள் பின்னால் நடந்தபோது, "ஆறுதலா வாங்கோ, ஆறுதலா வாங்கோ" என்றாள். நான் ஒன்றும் அழவில்லையே என்று அவனுக்குக் கோபம் வந்தது. மெதுவாக வா என்று அர்த்தமாம். இன்று காலையிலும் தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டு அதையேதான் சொன்னாள், "நீங்கள் ஆறுதலா இருங்கோ" என்று, அது அவள் ஊர் ஆறுதலா இவன் ஊர் ஆறுதலா, கேட்பதற்குள் கதவு மூடிவிட்டது. கடைசி வார்த்தை அதுவாகிவிட்டால்? சீச்சீ. கடைசி என்ன கடைசி, தைராய்டு. தினமும் நூறு பேருக்குச் செய்கிறார்கள். ஆனால் குரல். குரல் போனால்? பேருந்தில் இயந்திரமே நிறுத்தத்தின் பேரைச் சொல்லும்போதும் அதற்கு மேலே ரூபி தன் பங்குக்கு ஒரு தடவை சொல்வாள், இயந்திரத்தை நம்பி இறங்க முடியாது என்று. நூலகம் இறங்குகிறவர்கள் இறங்கலாம், மழை பெய்கிறது, குடையை விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்று ஆங்கிலத்தில் அதட்டுவாள். அந்தக் குரல் கிசுகிசுப்பாகிவிட்டால் வீட்டில் யார் அவனைப் பத்து மாகாணங்களையும் ஒப்பிக்கச் சொல்வது? குடியுரிமைத் தேர்வுக்கு எத்தனையோ வருஷம் கிடக்கிறது, முதலில் நிரந்தர வதிவிடமே வரவில்லை, ஆனாலும் சோறு வடிக்கும்போது, "எங்க, கிழக்கில இருந்து சொல்லுங்கோ பாப்பம்" என்பாள். நியூஃபவுண்ட்லாந்து, நோவா ஸ்கோஷியா, அப்புறம் அந்தக் குட்டித் தீவு, அந்தத் தீவின் பேர் மட்டும் என்றைக்குமே வராது. இளவரசர் யாரோ. அந்தத் தீவில் போய் நாட்டுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்துக்கொள்ளச் சொன்னால்கூட எங்கே வந்திருக்கிறோம் என்று தெரியாமல்தான் நிற்பான்.

போன் அதிர்ந்ததும் தூக்கிவாரிப் போட்டது. ரூபியின் அக்கா தயாளினி, வேலையிடத்திலிருந்து. "தம்பி, முடிஞ்சுதே?" "இல்லக்கா, இன்னும் மஞ்சள்தான்." "மஞ்சளோ? காமாலையே?" என்று அவள் அலறினாள். திரையைப் பற்றி விளக்கி முடிக்க இரண்டு நிமிடம் ஆனது. "நீங்கள் சாப்பிட்டனீங்களே? பையுக்க பாண் வச்சனான், எடுத்துச் சாப்பிடுங்கோ. அவள் சின்னனில இருந்தே ஒண்டுக்கும் பயப்பிடாதவள். ஆமிக்காரன் சைக்கிளப் பறிச்சதுக்கு முகாமுக்கே போய்ச் சண்டை பிடிச்சு வாங்கி வந்தவள், பதினாறு வயசில. ஒரு தேசிக்காய் அவளை என்ன செய்யும்?" சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று மூக்கை உறிஞ்சினாள். "ஒண்டும் நடக்காது, என்ன தம்பி?" "ஒண்ணும் நடக்காதுக்கா." "உங்கட பேப்பர் ஏதும் வந்ததோ? அவள் அதைத்தான் நினைச்சுக்கொண்டிருப்பாள்." அவன் "இல்லக்கா" என்றான். இன்றைய கணக்கில் இரண்டாவது பொய். வைத்த பிறகு பாணைப் பிரித்தான். மீன் போட்டுச் சுருட்டிய ரொட்டி இரண்டு; அவர்கள் ஊரில் ரொட்டிக்குப் பாண் என்று பேர். பசிக்கவே செய்தது, அதுதான் வெட்கமாக இருந்தது, மனைவி கழுத்தைத் திறந்து போட்டிருக்கும்போது புருஷனுக்கு இப்படிப் பசிக்கலாமா, இதை அந்தக் கண்ணாடிக்காரர் பார்த்தால் ஃபைலை அப்படியே மூடிவிடுவார். இரண்டையும் சாப்பிட்டான். இவ்வளவு யோசித்தும் அவள் இல்லாத வாழ்க்கை எப்படியிருக்கும் என்று மட்டும் யோசிக்க முடியவில்லை என்பதைச் சாப்பிடும்போது கவனித்தான். முயன்று பார்த்தான். விமானத்தில் ஏறுகிறான், சரி. மதுரையில் இறங்குகிறான், சரி. தம்பி வந்து கூட்டிப்போகிறான், சரி. வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றிவிட்டு, ரூபிக்கு வந்து சேர்ந்துவிட்டேன் என்று போன் போடுகிறான். போன் போட்டு, மாடிப்படி வழுக்குகிறது என்கிறான், ஆறுதலா ஏறுங்கோ என்கிறாள். எப்படி ஓட்டிப் பார்த்தாலும் கணக்கு அங்கே வந்து நின்றுவிடுகிறது. அவள் இல்லை என்பதை அவளிடம் சொல்லாமல் அவனால் இருக்க முடியாது போல.

நிமிர்ந்தபோது மஞ்சள் இல்லை. 4471 நீலமாக இருந்தது. நீலம். நீலம் என்றால் என்ன? விளக்கப் பட்டியல் மேசைக்கு மேலே எங்கோ இருந்தது, மூக்குக் கண்ணாடி பையில், பை ரூபியின் சப்பாத்துகளுக்கும் துவாலைக்கும் அடியில். நீலம் என்றால் மூச்சு இல்லாதவர்கள் நீலமாகத்தானே ஆவார்கள், இல்லை இது ஆஸ்பத்திரி, அப்படியா நிறம் வைப்பார்கள், ஆனால் யார் கண்டது, இந்த ஊரில் சாவுக்குக் கறுப்பு, கறுப்புத் திரையில் கறுப்பு எண் தெரியாது, அதனால் நீலம் வைத்திருப்பார்களோ. எழுந்தான். கால் மரத்திருந்தது. மடியிலிருந்த பாண் காகிதம் பறந்து அந்த ஸ்வெட்டர் அம்மாளின் நூல்கண்டில் போய் விழுந்தது. "நீலம்" என்றான் அவளிடம், தமிழிலேயே. அவள் அவன் விரல் காட்டிய திசையில் பார்த்தாள். ஊசியைக் கீழே வைத்துவிட்டு, அவன் முழங்கையைத் தட்டி, நிதானமான ஆங்கிலத்தில் சொன்னாள்: "நீலம் நல்லதப்பா. நீலம் என்றால் முடிந்து, வெளியே எடுத்து, விழித்துக்கொண்டிருக்கிறார்கள். என் புருஷன் இன்னும் மஞ்சள். உனக்கு நீலம் கிடைத்துவிட்டது, நீ உட்கார்." அவன் உட்கார்ந்தான். உட்கார்ந்து முகத்தைக் கையில் பொத்திக்கொண்டபோது உள்ளங்கை ஈரமாயிற்று. இப்போது முதலில் வந்தது எது என்று தனக்குள் பார்த்தான். பழகிவிட்டதே, ஒவ்வொரு நினைப்பையும் எந்த நொடியில் வந்தாய் என்று நிறுத்திக் கேட்கிற பழக்கம். நீலம் வந்த நொடியில் ஃபைல் வந்ததா? வரவில்லை. அது இருக்கிற நினைப்பே இல்லை. ஆனால் அதற்காகப் பெருமைப்படவும் நேரம் கிடைக்கவில்லை, பச்சைத் தொப்பியோடு சர்ஜன் வந்துவிட்டாள், உயரமான பெண், நடக்கும்போதே பேசுகிறவள். கட்டி முழுதாக வந்துவிட்டது. அங்கேயே ஒரு துண்டைப் பார்த்தார்கள், புற்று மாதிரித் தெரியவில்லை, முழு முடிவு ஒரு வாரத்தில் வரும், எனக்குக் கவலை இல்லை. குரல் நரம்பைத் தொடவே இல்லை. ஆனால் நாளைக் காலை வரை அவள் ஒரு வார்த்தை பேசக் கூடாது. "அது கஷ்டமாக இருக்குமா?" என்று சர்ஜன் கேட்டாள். "எனக்கா, அவளுக்கா?" என்றான். அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே போனாள்.

ரூபி தலையை உயர்த்திவைத்த கட்டிலில் கழுத்தைச் சுற்றி வெள்ளைக் கட்டோடு, பாதிரியார் மாதிரி இருந்தாள். கண் வீங்கியிருந்தது, தலைமுடி ஒருபக்கமாக நின்றது. அவனைக் கண்டதும் வாயைத் திறந்தாள், பக்கத்தில் டிரிப்ஸைச் சரிபார்த்துக்கொண்டிருந்த பிலிப்பைன்ஸ் நர்ஸ் விரலை உதட்டில் வைத்ததும் மூடினாள். நர்ஸ் ஒரு அட்டையும் தாளும் பேனாவும் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். ரூபி அவன் முகத்தையே பார்த்தாள். இன்றைக்குச் சொல்வதில்லை என்று தீர்மானித்துத்தான் உள்ளே வந்திருந்தான், நாளைக்கு, இல்லை வீட்டுக்குப் போன பிறகு, இன்னும் முப்பது நாள் இருக்கிறது. அவள் எழுதினாள்: *என்ன ஒளிக்கிறியள்?* "ஒண்ணுமில்ல ரூபி. நல்லபடியா முடிஞ்சுதாம், நீ தூங்கு." அவள் அந்த வரிக்கு அடியில் கோடு போட்டாள். இன்னொரு கோடு போட்டாள். அவ்வளவுதான், அவன் உடைந்துபோய்க் கொட்டிவிட்டான், மின்னஞ்சலை மட்டும் சொல்லியிருக்கலாம், ஆனால் வாய் ஒருமுறை திறந்ததும் அந்த இரண்டு நொடியும் சேர்ந்து வந்துவிட்டது. "டாக்டர் ஸ்கேன காட்டினப்ப எனக்கு முதல்ல என் ஃபைல்தான் ஞாபகம் வந்துச்சு ரூபி. நீ இல்ல. ரெண்டு நொடி. சத்தியமா ரெண்டே நொடிதான், ஆனா வந்துச்சு. அஞ்சு வாரமா ஒங்கிட்ட சொல்ல முடியாம…" அவள் கண்கள் விரிந்தன. தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்று பயந்து நர்ஸைக் கூப்பிடப் போனவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள், சத்தமில்லாமல், கழுத்தைக் கையால் பிடித்தபடி, வலியில் முகம் சுளித்துக்கொண்டே சிரித்தாள். தாளை இழுத்து எழுதினாள், மயக்க மருந்தில் எழுத்து ஏறி இறங்கியது: *எனக்கு முதல் வந்தது என்ர பஸ் ரூட். நான் லீவில நிண்டால் அந்த மொக்கன் கிரெக்குக்குக் குடுத்திடுவாங்கள் எண்டு. பேந்து அக்கா. பேந்து புதுச் சோபா. நீங்கள் நாலாவது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.*

அவன் அதை இரண்டு தடவை படித்தான். நாலாவது. சோபாவுக்கு அப்புறம். ஐந்து வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து கையைக் காலை உதறிக்கொண்டு போன மாதிரி இருந்தது. ரூபி அதற்குள் தாளைத் திருப்பி, ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கியிருந்தாள். "இப்ப வேணாம் ரூபி, முப்பது நாள் இருக்கு" என்றான். கையை உயர்த்தி அவனை நிறுத்தினாள், பேருந்து வாசலில் நெருக்குகிறவர்களை நிறுத்துகிற அதே கை. நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு எழுதினாள். எழுதி முடித்துக் கொடுத்ததைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: *மதிப்புக்குரிய அதிகாரிக்கு. இவர் என் கணவர். இவருக்குக் குளிர் பிடிக்காது. பனி பிடிக்காது. எங்கள் சாப்பாட்டில் பாதி பிடிக்காது, பிடிக்கும் என்று பொய் சொல்கிறார். எனக்குக் கட்டி இருக்கிறது என்று தெரிந்த அன்று, நோயாளியோடு கஷ்டப்பட வேண்டாம், உங்கள் ஊருக்குப் போங்கள் என்று சொன்னேன். விமான டிக்கெட்டும் தேடிக் காட்டினேன். இவர் போகவில்லை. ஏன் என்று கேட்டேன். வியாழக்கிழமை குப்பை வண்டி வரும், பெட்டியை யார் வெளியே வைப்பது என்று கேட்டார். இதைவிடப் பெரிய சாட்சி என்னிடம் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?* கீழே கையெழுத்து, தேதி, நேரம்கூடப் போட்டிருந்தாள். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி மேலிருந்து படித்தான். வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா. "ரூபி, இதுல மூணு ஸ்பெல்லிங் தப்பு இருக்கு. கடைசிக் கேள்வி வேற, அதிகாரிகிட்ட அப்படிக் கேக்கலாமா? வீட்ல போய் நிதானமா டைப் பண்ணி…"

"அப்படியே அனுப்புங்கோ" என்றாள் ரூபி.

சத்தமாகவே சொன்னாள். கரகரப்பாக, தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரி, ஆனால் அவளுடைய குரல், அதட்டலும் எல்லாமும் அப்படியே இருந்த குரல். அடுத்த கட்டிலுக்கு அப்பாலிருந்து நர்ஸ் திரையை விலக்கிக்கொண்டு விறுவிறுவென்று வந்தாள். "இங்கே யார் பேசினது?" ரூபி கண்ணை மூடித் தூங்குகிறவளைப் போல் படுத்துக்கொண்டாள். அழகர்சாமி எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, முடிந்தவரை கரகரப்பான ஆங்கிலத்தில், "நான்தான், சிஸ்டர்" என்றான்.